ஊதத் தெரியாத கம்ப்யூட்டர்

தர்மபுரியிலிருந்து கிளம்புகிற அத்தனை பஸ்களையும் நிறுத்தி, அத்தனை கண்டக்டர்களையும் இறக்கி வரிசையாக நிற்கவைத்துப் பாருங்கள். ஊதல் என்கிற எங்கள் கண்டக்டரைப் போல மனிதனின் ரத்தக் கொதிப்பை ஏற்றுகிற இன்னொரு பிறவி அதில் கிடைக்காது. எனக்கு பிரஷர் மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், "எப்போலேருந்து இருக்குது?" என்று கேட்டார். "இண்டூர் வண்டிக்கு ஊதல் கண்டக்டரா வந்ததிலேருந்துங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நான் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பர், சுருக்கமாக டி.கே. கம்பெனி பெயர் வேண்டாம், முதலாளி வூட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். பஸ் ஸ்டாண்டை ஒட்டி எங்கள் ஷெட். ஷெட் வாசலிலேயே ஆள் ஏற்றுவோம். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்ப்பது, கிளம்பாத வண்டிக்கு விசில் அடிப்பது, அதற்கும் அசையாவிட்டால் கத்துவது, இதுதான் என் உத்தியோகம். கம்பைநல்லூர் வண்டிக்கு ஒரு விசில் போதும். பென்னாகரம் வண்டிக்கு நான் எழுந்து நின்றாலே போதும். இண்டூர் வண்டிக்கு மட்டும் தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

காரணம், ஷெட்டின் ஓய்வறைத் தரை. அந்த சிமென்ட் தரையில் பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு பெயின்ட்டையும் மஞ்சள் பெயின்ட்டையும் கொண்டு ஊதல் தன் கையால் ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தார். செஸ் கட்டம் மாதிரியே இருக்கும். ஆனால் 'செஸ்' என்று சொல்லிவிட்டு யாரும் முழுசாக வெளியே போக முடியாது. அது செக்கர்ஸ். ஷெட் பாஷையில் மூடியாட்டம். நீலத் தண்ணீர் பாட்டில் மூடி ஒரு கட்சி, வெள்ளை மூடி ஒரு கட்சி. மூடிகள் குறுக்காகத்தான் நகரும். எதிரி மூடிக்குப் பின்னால் கட்டம் காலியாக இருந்தால் தாண்டிக் குதித்து வெட்ட வேண்டும். வெட்டு இருந்தால் வெட்டியே தீர வேண்டும், வேறு வழி கிடையாது. கடைசிக் கட்டம் வரை போய்ச் சேர்ந்த மூடி ராஜா. அதன் தலையில் இன்னொரு மூடியைக் கவிழ்த்துவிடுவார்கள்.

இதில் ஒரு கிறுக்கு விதி இருந்தது. ஊதல் சின்ன வயதில் லாரி கிளீனராகக் கோலார் பக்கம் போனபோது கற்றுக்கொண்டு வந்ததாம். வெட்ட வேண்டிய வெட்டை நீங்கள் கவனிக்காமல் வேறு மூடியை நகர்த்திவிட்டால், வெட்டத் தவறிய உங்கள் மூடியை எதிராளி எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து ஊதுவார். மூடி தரையில் விழுந்தால் அது செத்தது. விழாவிட்டால் விழும் வரை ஊத வேண்டும். கையால் தட்டிவிடக் கூடாது. ஒரு காலத்தில் எல்லாருடைய மூடியையும் எச்சில் தெறிக்க ஊதித் தள்ளியதால் அந்த மனிதருக்கு அதுவே பெயராகிவிட்டது. பயணிகள் அவர் விசில் ஊதுவதால்தான் அந்தப் பெயர் என்று நினைத்தார்கள். அவர் எங்கே ஒழுங்காக விசில் ஊதினார்?

ஷெட்டில் மற்றவர்கள் அவரோடு ஆடுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆட்டம் மூடியில் ஆரம்பித்துச் சட்டைக் காலரில் முடியும். அவருக்குச் சரியான ஜோடி இண்டூர் வண்டி டிரைவர் மாதையன்தான். மாதையனின் குரல் ஏர் ஹாரனுக்கு அண்ணன். இருவரும் ஆடினால் பஸ் ஸ்டாண்டில் ஆப்பிள் விற்கிறவன் வரைக்கும் யார் ஜெயிக்கிறார்கள் என்று தெரியும். போன வருடம் மாதையனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, பேச்சு போய்விட்டது. வண்டிக்கு வேறு டிரைவர் வந்தார். ஊதல் கொஞ்ச நாள் இடது கைக்கும் வலது கைக்கும் ஆட்டம் வைத்துத் தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மாதையனின் சம்சாரம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவரை ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குக் கூட்டி வர ஆரம்பித்தார். அது முடிந்ததும் ஷெட்டில் கொண்டுவந்து உட்காரவைப்பார். "பலூன் ஊதச் சொல்லிக் குடுத்தாங்கண்ணா. வாய் சரியாவுமாம். இவுரு என்ன பண்ணாரு தெரியுங்களா? நான் என்ன கொழந்தையாங்கற மாதிரி மொறச்சுப் பாத்துட்டு சன்னல் வழியா கடாசிட்டாரு" என்று என்னிடம் புலம்பினார்.

அன்றிலிருந்து என் வெள்ளிக்கிழமைகள் நாசமாயின. கேளுங்கள் அநியாயத்தை. ஊதல் ஆட உட்காருவார். நாலு நகர்த்தல் போவதற்குள் கண்ணுக்கு முன்னால் இருக்கிற வெட்டைக் கோட்டை விடுவார். மாதையன் இடது கையால் அந்த மூடியை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதுவார். கோணிய வாயிலிருந்து காற்று பக்கவாட்டில் போகும். எச்சில் வழியும். மூடி அசையாது. மறுபடி ஊதுவார். அசையாது. வெளியே வண்டி நிறைய ஜனம் வேகிறது. நான் விசில் அடிக்கிறேன்.

"யோவ் ஊதலு! கையால தட்டி வுட்டுட்டு வாய்யா! டைம் ஆச்சு!"

"ரூல்ஸ்னா ரூல்ஸுதானுங்க டி.கே. சார். விழுவற வரைக்கும் ஊதணும். டிரைவரே, விழுவல பாரு. இன்னொருக்கா ஊது."

ஒரு வெள்ளிக்கிழமை கீரைக் கட்டோடு வந்த ஒரு அம்மா பொறுக்க மாட்டாமல் பஸ்ஸை விட்டு இறங்கி ஓய்வறைக்குள்ளேயே வந்துவிட்டார். "யோவ் கண்டக்டரு, கீரை வாடுது, நீ இங்க மூடி வெச்சு வெளயாடறயா?" என்று ஆரம்பித்தவர், கட்டத்தைப் பார்த்ததும் இன்னும் கோபமாகி, "அட, அந்த வெள்ள மூடிய வெட்டுனா முடிஞ்சுது ஆட்டம்! இதுகூடத் தெரியாமயா வருசக் கணக்கா ஆடற?" என்றார்.

"ஆட்டத்துல குறுக்க பேசுனா டிக்கெட் கெடையாது" என்றார் ஊதல். அதே நகர்த்தலில் அந்த வெட்டையும் விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் விசிலைக் கடித்தே விட்டேன். மனுஷனுக்கு வயசாகி மூளை மழுங்கிவிட்டது, இனி டிக்கெட்டாவது ஒழுங்காகக் கிழிப்பாரா என்று சந்தேகப்பட்டேன்.

ஆனால் வாய் மட்டும் மழுங்கவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் செஸ் போட்டிக்குக் கூட்டிப்போன ஒரு வாத்தியார் அவர் வண்டியில் மாட்டிக்கொண்டார்.

"அதென்ன சார் குதிரை? நேராவும் போவ மாட்டேங்குது, கோணையாவும் போவ மாட்டேங்குது. தண்ணி போட்ட குதிரைங்களா அது?"

"அது அப்பிடித்தாங்க கண்டக்டர் போவும்."

"ராஜாவாம்! ஒரு கட்டம் நவுர நூறு யோசனை. ராணிதான் ரேசனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் குறுக்கயும் நெடுக்கயும் ஓடியாடுது. இதத்தான் எங்க வூட்டுலயே தெனமும் பாக்கறனே, இதுக்கு எதுக்குங்க பலகை?"

"எங்க ஆட்டத்துலயும் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனா ராணி ஆயிரலாங்க."

"ஏன், ராஜா ஆவ வுட மாட்டீங்களோ? எங்க ஆட்டத்துல சாதா மூடி போய்ச் சேந்தா ராஜாதான். எவனுக்கும் கும்புடு போட வேண்டியதில்ல!"

பஸ்ஸே இரண்டு கட்சியானது. அந்தச் சண்டையில் இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிப் போன இரண்டு பேர் மறுநாள் வந்து என்னைத்தான் திட்டினார்கள். திட்டு வாங்க இந்தக் கம்பெனியில் ஒரே ஆள் நான்.

இந்த நிலைமையில்தான் சின்ன முதலாளி வந்து சேர்ந்தார். முதலாளி மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, இப்போது அதை வூட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு அப்பாவின் கம்பெனியையும் பார்க்கிறார். ரொம்ப மரியாதையான பையன். மரியாதையாகவே தலையில் கல்லைப் போடுவார். ஓய்வறைக்கு டைல்ஸ் போடப்போவதாகவும், டிரைவர், கண்டக்டர்களின் மூளைக்குப் பயிற்சியாக இரண்டு செஸ் போர்டு வாங்கி வைக்கப்போவதாகவும் சொன்னார்.

"டைல்ஸு போடுங்க தம்பி, நல்லதுதான். கட்டத்த மட்டும் வுட்டுட்டுச் சுத்திப் போட்டுக்கங்க" என்றார் ஊதல்.

"அண்ணா, செக்கர்ஸ் முடிஞ்சு போன ஆட்டங்கண்ணா."

"எவன் முடிச்சான்?"

"கம்ப்யூட்டருங்கண்ணா. செஸ்ல ஒவ்வொரு தடவையும் முப்பது பக்கமா நகர்த்தலாம். அதுல ஒவ்வொன்னுக்கும் எதிராளிக்கு முப்பது. கம்ப்யூட்டர் அதுல ரொம்ப தூரம் பாக்குது, உலக சாம்பியனையே ஓட ஓட விரட்டுது. ஆனாலும் ஆட்டத்தோட கடைசி முடிவு என்னான்னு அதுக்கே இன்னும் தெரியாது. செக்கர்ஸ் அப்பிடி இல்லீங்கண்ணா. பாதிக் கட்டம்தான் உபயோகம், வெட்டு வந்தா வெட்டியே ஆவணும், வழி கம்மி. காய் கொறஞ்ச நெலமை அத்தனையையும் முடிவுலேருந்து பின்னாடியே கணக்குப் போட்டு வெச்சுட்டாங்க. முன்னாலேருந்தும் கணக்கு, பின்னாலேருந்தும் கணக்கு. நடுவுல சேந்துருச்சு. ரெண்டு பேரும் தப்பே பண்ணலைன்னா டிரா. அவ்வளவுதான் ஆட்டம்."

"தப்பே பண்ணாதவன் எவன்யா இருக்கான் இந்த ஷெட்டுல?" என்று ஊதல் பாய்ந்தார். "உங்க கம்ப்யூட்டரு முடிச்சுது எங்க ஆட்டத்தயா? அதுக்கு ஊதத் தெரியுமா? வாய் இருக்குதா அதுக்கு? மூடிய வெச்சு ஊதச் சொல்லுங்க பாப்பம்!"

சின்ன முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வினை. ஊதல் எகிற, அவர் மரியாதையாகவே மடக்க, கடைசியில் பந்தயம் வந்து நின்றது. சின்ன முதலாளியின் போனில் இருக்கிற செக்கர்ஸோடு, அதன் ஆகக் கடினமான நிலையில், ஊதல் ஒரே ஒரு ஆட்டம் ஆட வேண்டும். ஜெயிக்கக்கூட வேண்டாம், டிரா பண்ணினால் போதும், கட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றி டைல்ஸ் போடுவார்கள். தோற்றால் கட்டத்தின் மேலேயே டைல்ஸ். "செஸ்னா இந்தப் பந்தயமே கட்டியிருக்க மாட்டேண்ணா, பாவம். இதுல தப்பு பண்ணாம இருந்தா எந்தக் கொம்பனும் உங்கள ஜெயிக்க முடியாது" என்றார் சின்ன முதலாளி.

"செவ்வாக்கெழம வெச்சுக்கலாம்" என்றார் ஊதல்.

"வெள்ளிக்கிழமை நல்ல நாளு, அன்னிக்கு வெச்சுக்கய்யா" என்றேன் நான்.

"வெள்ளிக்கெழம ஆவவே ஆவாது!" என்று என் மேல் விழுந்தார். எதற்கு இந்தக் கோபம் என்று எனக்குப் புரியவில்லை. கட்டம் போய்த் தொலையட்டும், இண்டூர் வண்டி இனிமேலாவது நேரத்துக்குப் போகும் என்று உள்ளுக்குள் நிம்மதியாகவே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஓய்வறை நிரம்பி வழிந்தது. போனைக் கட்டத்தின் நடுவில் வைத்துவிட்டு ஊதல் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதலில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. வெட்டு இருக்கும்போது வேறு மூடியைத் தொட்டால் அந்தப் போனில் அது நகரவே நகராது. வெட்ட வேண்டிய மூடியை மட்டும் பளிச்சென்று காட்டும். அதாவது, ஊதல் வழக்கமாகச் செய்கிற தப்பை அதில் செய்யவே முடியாது.

அந்தத் தப்பு ஒன்றுக்கு வழியில்லாதபோது மனிதர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! பத்து வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்கிற எனக்கே இது வேறு ஆளோ என்று தோன்றிவிட்டது. ஒரு மூடியைத் தின்னக் கொடுத்து இரண்டை வாங்கினார். போன் யோசித்தது. ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு ராஜா வாங்கினார். போன் மறுபடி யோசித்தது. சின்ன முதலாளியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. இவ்வளவு தெரிந்த ஆளா கீரைக்கார அம்மாவுக்குத் தெரிந்த வெட்டைக் கோட்டை விட்டார்?

அப்போதுதான் வாசலில் மாதையன் சம்சாரத்தின் குரல் கேட்டது. "ஊதலண்ணன் கம்ப்யூட்டரோட மோதறாருன்னு பக்கத்து வூட்டுப் பையன் வந்து சொன்னான். காலையிலேருந்து ஒரே அடம், சட்டைய எடுத்து எம்மேல வீசறாரு. அதான் கூட்டிட்டு வந்துட்டன்." மாதையன் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். நேராக ஊதலின் தோளுக்குப் பின்னால் வந்து நின்று போனைப் பார்த்தார்.

ஊதல் திரும்பிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. உடனே ஒரு மூடியைத் தொட்டார். நகரவில்லை. இன்னொன்றைத் தொட்டார். நகரவில்லை. வெட்டு இருந்தது. போன் அதை மட்டும் பளிச்சென்று காட்டியது.

"நவுர மாட்டேங்குது தம்பி!"

"வெட்டு இருக்குதுங்கண்ணா. அத வெட்டுங்க, டிரா வந்துரும்."

"தெரியுது! தெரியுதுய்யா! எனக்கு அத மறக்கணும்! மறக்க வுடு!"

"அதெப்பிடிங்கண்ணா மறக்க வுடும்? கம்ப்யூட்டர் ஆச்சே."

"மறக்கக்கூட வுடாததெல்லாம் ஒரு ஆட்டமாய்யா? மனுசன் கைய முறுக்கி வெட்ட வெக்கறது ஒரு ஆட்டமா?"

எனக்கு அப்போது விளங்கியது. பலூனைத் தூக்கி எறிந்த மனிதரை வெள்ளிக்கிழமை தவறாமல் ஊதவைக்க இந்த ஆள் கண்டுபிடித்த வழி அது. வேண்டுமென்றே வெட்டை விட்டு, மூடியைக் கொடுத்து, "விழுவல, இன்னொருக்கா ஊது" என்று ஒரு வருடமாக வைத்தியம் பார்த்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் விசிலாவது அடிக்காமல் இருந்திருப்பேனே! வண்டி நிறைய ஜனத்திடம் நான் வாங்கிய வசவெல்லாம் இதற்காகவா? அந்த ஆளின் காலரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல எனக்குக் கை துடித்தது.

ஆனால் எனக்கு விளங்கியது மாதையனுக்கும் விளங்கியிருந்தது. போனில் வெட்ட வேண்டியதாயிற்று. போன் திருப்பி வெட்டியது. அதற்கும் வெட்டு. வரிசையாக வெட்டுகள் விழுந்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ராஜா மிஞ்சி, ஆட்டம் டிரா. எல்லாரும் கை தட்டினார்கள். மாதையன் கை தட்டவில்லை. ஒரு வருடமாகத் தான் ஜெயித்த ஜெயமெல்லாம் என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"டிரைவரே!" என்று ஊதல் கத்தினார். அவர் நிற்கவில்லை.

சின்ன முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கட்டத்தை விட்டுச் சுற்றி டைல்ஸ் போட்டார்கள். ஊதல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வாரம் முழுவதும் இண்டூர் வண்டி நேரத்துக்குக் கிளம்பியது. நான் விசிலை வாயில் வைப்பதற்குள் ஊதல் படியில் நிற்பார். பயணிகளோடு சண்டை இல்லை. சில்லறைக்குத் தகராறு இல்லை. கீரைக்கார அம்மாவே என்னிடம் வந்து, "கண்டக்டருக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார். இதற்காகத்தானே இத்தனை வருடம் கத்தினேன்? வண்டி நேரத்துக்குப் போகப் போக எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமையும் வந்தது. மாதையன் வரவில்லை.

"போய்ப் பேசித் தொலையேன்யா!" என்று எரிந்து விழுந்தேன்.

"போனனுங்க டி.கே. சார். கதவத் தொறக்கல" என்றார்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, வண்டி கிளம்புகிற நேரத்தில் மாதையன் வந்தார். சம்சாரம் வாசலிலேயே நின்றுவிட்டார். ஊதல் படியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். மாதையன் யாரையும் பார்க்காமல் கட்டத்துக்கு எதிரில் உட்கார்ந்து, இடது கையால் மூடிகளை அடுக்கினார். உட்கார் என்று கையைக் காட்டினார்.

நாலாவது நகர்த்தலில் ஊதல் பழக்க தோஷத்தில் ஒரு வெட்டை விட்டார். மாதையன் மூடியை எடுக்கவில்லை. ஊதவில்லை. ஊதலின் மணிக்கட்டைப் பிடித்து, வெட்ட வேண்டிய மூடியின் மேல் கொண்டுபோய் வைத்து அழுத்தினார். ஊதல் தலையைக் குனிந்துகொண்டு வெட்டினார். இது கடைசி ஆட்டம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்து மாதையன் நகர்த்த வேண்டும். அவருக்குப் பெரிய வெட்டு இருந்தது. குருடனுக்கும் தெரிகிற வெட்டு. அதைப் பார்த்தார். ஊதலைப் பார்த்தார். பிறகு சம்பந்தமே இல்லாத ஒரு மூடியை எடுத்து ஒரு கட்டம் நகர்த்திவிட்டு, வெட்டாமல் விட்ட தன் மூடியை எடுத்து ஊதலின் உள்ளங்கையில் வைத்தார். கோணிய வாய் அசைந்தது. ஒரு வருடம் மூடியை ஊதி ஊதிக் குவியப் பழகிய வாய்.

"ஊ..." என்றார். கொஞ்சம் பொறுத்து, "...து" என்றார்.

வாசலில் நின்றிருந்த சம்சாரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அந்த மனிதர் ஒரு வருடத்தில் பேசிய முதல் வார்த்தை அது.

ஊதல் உதட்டைக் குவித்தார். காற்று வரவில்லை. ஊரில் உள்ளவன் மூடியையெல்லாம் ஊதித் தள்ளிய மனிதருக்கு அன்றைக்கு ஊத வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர்தான் வந்தது. மாதையன் இடது கையால் தரையைத் தட்டினார். இன்னொருக்கா, என்று அர்த்தம்.

வெளியே இண்டூர் ஜனம் கூச்சல் போட்டது. புது டிரைவர் ஹாரன் அடித்தார். நேரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மூடி உள்ளங்கையில் அப்படியே இருந்தது. விழும் வரை ஊதத்தான் வேண்டும், ரூல்ஸ்னா ரூல்ஸ்தான். நான் விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கத்துகிற ஜனத்திடம் திட்டு வாங்க வெளியே போனேன்.